பட்டறைக்கு வந்த யோசனை

1953-54இல் ஃபோர்டு அறக்கட்டளையின் செலவில் வெளிநாட்டு நிபுணர் குழு ஒன்று இந்தியச் சிறுதொழில்களை ஆராய வந்தது. அழைத்தது மத்திய அரசு. கடன் மட்டும் கொடுத்தால் பட்டறை பிழைக்காது. எந்த இயந்திரம் வாங்குவது, எப்படி விலை வைப்பது, சரக்கை எங்கே விற்பது என்று சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டும் என்று குழு அறிக்கை தந்தது. பெரிய ஆலை முதலாளி சம்பளம் கொடுத்து இன்ஜினீயரை வைத்துக்கொள்வார். இரண்டு லேத்தும் நாலு ஆளும் வைத்திருப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்?

அறிக்கை கிடப்பில் போகவில்லை. 1954இல் சிறுதொழில் வளர்ச்சி அமைப்பும், 1955இல் தேசிய சிறுதொழில் கழகமும் பிறந்தன. வட்டாரந்தோறும் சிறுதொழில் சேவை நிலையங்கள் வந்தன. சென்னையில் 1958இல் கிண்டி தொழிற்பேட்டை எழுந்தது. சேவை நிலையமும் கிண்டியிலேயே அமைந்தது. வரைபடம் போட்டுத் தருவது, உலோகத்தைப் பதப்படுத்தும் முறையைக் காட்டுவது, அடக்கவிலை கணக்கிடக் கற்றுத்தருவது எல்லாம் இந்த நிலையங்களின் அன்றாட வேலை. இயந்திரங்களை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டியதும் உண்டு.

மற்ற நாடுகளும் கை கொடுத்தன. ஓக்லாவில் மேற்கு ஜெர்மனி, ராஜ்கோட்டில் அமெரிக்கா, ஹவுராவில் ஜப்பான் என ஆளுக்கொரு பயிற்சி மையத்துக்கு உதவின. வந்த நிபுணர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு வேலை செய்த இந்திய அதிகாரிகள் இங்கேயே இருந்தார்கள். பின்னாளில் தமிழக ஆளுநரான பி.சி. அலெக்சாண்டர் இந்தத் துறையில் பணியாற்றியவர். 1963இல் தொழிற்பேட்டைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்த உதவிப் பணத்தில் உருப்படியாக விளைந்தது இப்படிப்பட்ட ஆட்கள்தான்.

சரி, யோசனை சொன்னால் லாபம் கூடுமா? இதைக் கறாராக அளந்த ஆய்வு 2008இல் மும்பையை அடுத்த தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவாலைகளில் தொடங்கியது. உலக வங்கியும் நிதி தந்தது. 17 நிறுவனங்களின் 28 ஆலைகள் இதில் அடங்கின. இவை பட்டறையை விடப் பெரியவை, ஆனால் குடும்பத்தார் நடத்துபவை. உள்ளே போனால் தறிகளைச் சுற்றிக் கழிவுநூலும் எண்ணெய்ப் பிசுக்கும். கிடங்கில் நூல் மூட்டைகள் குவிந்து கிடந்தன. எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நெய்த துணியில் பழுது விழுந்தால் அதைச் சரிசெய்யத் தனியே ஆட்கள் இருந்தார்கள். எந்தத் தறியில், ஏன் விழுந்தது என்று குறித்துவைக்கும் வழக்கம் மட்டும் இல்லை.

ஒரு பாதி ஆலைகளில் அக்சென்ச்சர் நிறுவன ஆலோசகர்கள் ஐந்து மாதம் இலவசமாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். நூலுக்குச் சீட்டு ஒட்டினார்கள், பழுதுக்குப் பதிவேடு போட்டார்கள், தறி பராமரிப்புக்கு நாள் குறித்தார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. இவ்வளவு எளிய காரியத்தை ஏன் முன்பே செய்யவில்லை? தங்கள் ஆலை நன்றாகத்தான் நடக்கிறது என்று முதலாளிகள் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையைக் கலைக்க வெளியாள் ஒருவர் வரவேண்டியிருந்தது.

ஆய்வாளர்கள் 2017இல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, கற்றுக்கொடுத்த முறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர் மாறியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்படியும் ஆலோசனை பெற்ற ஆலைகள் மற்றவற்றை முந்தியே நின்றன. ஐந்து மாத உதவிக்கே இவ்வளவு பலன் என்றால், கிண்டி போன்ற நிலையங்களில் ஆட்களை நிரந்தரமாக வைத்து, பட்டறை வாசலுக்கே அனுப்புவது அரசுக்கு வீண்செலவாகாது.