பல்கலைக்கழகம் மறுத்த பாடம்

இன்றைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பெரிய பல்கலைக்கழகங்களில் யூதவியல் மையம் என்று ஒன்று இருக்கிறது. யூதர்களின் வரலாறு, எபிரேய மொழி, இலக்கியம், மதம் ஆகியவற்றைக் கற்பிப்பது ஒரு வேலை. ஊர் மக்களுக்கு மாலைநேரச் சொற்பொழிவு, மொழி வகுப்பு, கண்காட்சி என்று நடத்துவது இன்னொரு வேலை. இந்த இரண்டு வேலைகளும் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன? அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதையே இருக்கிறது. கதை நடக்கும் இடம் ஜெர்மனி. ஆரம்பிப்பது ஒரு மறுப்புக் கடிதத்தில்!

ஏழு இளைஞர்கள்

1819 நவம்பரில் பெர்லினில் ஏழு யூத இளைஞர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். யூதர்களின் பண்பாட்டையும் வரலாற்றையும் நவீன ஆய்வு முறையில் படிப்பதுதான் நோக்கம். அதுவரை யூதக் கல்வி என்றால் மதப்பள்ளியில் தால்மூத் படிப்பது. பல்கலைக்கழகத்தில் யூதர்களைப் பற்றிப் பேசியவர்களோ பெரும்பாலும் கிறிஸ்தவ இறையியல் அறிஞர்கள். தங்கள் கதையைத் தாங்களே, ஆதாரத்தோடு எழுத வேண்டும் என்று இந்த இளைஞர்கள் நினைத்தார்கள்.

சங்கத்தின் தலைவர் எடுவார்ட் கான்ஸ், சட்டம் படித்தவர். கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனேயும் 1822ல் சேர்ந்தார். அதே ஆண்டு பிரஷ்ய அரசர் யூதர்களுக்குப் பல்கலைக்கழக ஆசிரியர் பதவி கிடையாது என்று உத்தரவு போட்டார். 1824ல் சங்கம் கலைந்தது. 1825ல் கான்ஸ் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். சில ஆண்டுகளில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரும் ஆனார். ஹைனேயும் 1825ல் மதம் மாறினார். வேலை வேண்டும் என்றால் மதத்தை விடு என்பதுதான் அன்றைய நிலை.

மாறாமல் நின்றவர் ஒருவர். பெயர் லியோபோல்ட் ட்சூன்ஸ்.

ட்சூன்ஸும் அவர் புத்தகங்களும்

ட்சூன்ஸ் 1794ல் பிறந்தவர். பத்திரிகை ஆசிரியர், பள்ளித் தலைமை ஆசிரியர், ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இயக்குநர் என்று கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே ஆராய்ச்சி செய்தார். அவருடைய ஆராய்ச்சி வெறும் ஏட்டுச்சுரைக்காய் அல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

ஓர் உதாரணம். யூதக் கோயில்களில் ஜெர்மன் மொழியில் பிரசங்கம் செய்வது புதுமை என்று சொல்லி பிரஷ்ய அரசு 1823ல் தடை விதித்தது. ட்சூன்ஸ் 1832ல் ஒரு பெரிய நூல் எழுதினார். மக்கள் பேசும் மொழியில் பிரசங்கம் செய்வது யூதர்களிடம் பழங்காலத்திலிருந்தே உள்ள வழக்கம் என்று அதில் காட்டினார்.

இன்னோர் உதாரணம் இதைவிடச் சுவையானது. 1836ல் யூதர்கள் கிறிஸ்தவப் பெயர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அரசு கிளம்பியது. பெர்லின் யூத சமூகம் ட்சூன்ஸிடம் வந்தது. அவர் யூதர்களின் பெயர்களைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார். கிரேக்கர் காலத்தில் கிரேக்கப் பெயர், அரபு நாட்டில் அரபுப் பெயர் என்று யூதர்கள் எந்த ஊரில் வாழ்ந்தார்களோ அந்த ஊர்ப் பெயர்களை எப்போதும் வைத்துக்கொண்டார்கள் என்று வரிசையாக எடுத்துக் காட்டினார். பெயருக்கு மதம் இல்லை என்பதுதான் அந்த நூலின் சாரம்.

சமூகத்துக்கு ஒரு பிரச்சினை, அதற்கு அறிஞரின் பதில். இன்று பல்கலைக்கழகங்கள் 'சமூகத் தொடர்புப் பணி' என்று சொல்வதை அவர் 1836லேயே செய்துவிட்டார், ஆனால் பல்கலைக்கழகம் இல்லாமல்!

1848ல் ஐரோப்பா முழுவதும் புரட்சி. இனி எல்லோருக்கும் சம உரிமை என்ற நம்பிக்கை பரவிய நேரம். பெர்லின் பல்கலைக்கழகத்தில் யூத வரலாறுக்கும் இலக்கியத்துக்கும் ஒரு பேராசிரியர் இருக்கை வேண்டும் என்று ட்சூன்ஸ் அமைச்சகத்துக்கு விண்ணப்பித்தார். பல்கலைக்கழகம் மறுத்தது. இப்படி ஒரு இருக்கை யூதர்களின் தனித்தன்மையைத்தான் வளர்க்கும், அது பல்கலைக்கழகத்தின் வேலை இல்லை என்பது காரணம்.

இதில் ட்சூன்ஸுக்குப் போனது ஒரு சம்பளம் மட்டும் அல்ல. யூத அறிவுக்குச் சம இடம் கிடைக்காதவரை யூத மனிதனுக்கும் சம இடம் கிடைக்காது என்று அவர் நம்பினார். எவருடைய வரலாறு படிக்கத் தகுதியற்றது என்று ஒரு நாடு சொல்கிறதோ, அவர்கள் மதிக்கத் தகுதியற்றவர்கள் என்றும் அது சொல்லிவிடும் என்ற பயம் அது.

சொந்தக் காசில் ஒரு கல்லூரி

பல்கலைக்கழகம் கதவைச் சாத்தியதால் யூதர்கள் தங்கள் பணத்தில் கட்டத் தொடங்கினார்கள். 1854ல் பிரெஸ்லாவ் நகரில் (இன்றைய போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப்) ஒரு யூத இறையியல் கல்லூரி திறந்தது. அதற்கு முதல் போட்டது யோனாஸ் ஃப்ரெங்கல் என்ற வணிகர் விட்டுச்சென்ற சொத்து.

1872ல் பெர்லினில் 'ஹோக்ஷூலே' தொடங்கியது. ஜெர்மன் மொழியில் உயர்கல்விக்கூடம் என்று பொருள். முதல் ஆசிரியர்களில் ஒருவர் ஆபிரகாம் கைகர். பல்கலைக்கழகத்தில் யூத இறையியலுக்கு ஒரு துறை வேண்டும் என்று 1838லேயே நூல் எழுதியவர் அவர். அரசுப் பணமும் இல்லை, சமூக அமைப்பின் கட்டுப்பாடும் இல்லை. நன்கொடையில் ஓடிய நிறுவனம். யூதரல்லாதவரும் சேரலாம், பின்னாளில் பெண்களும் படித்தார்கள்.

அரசுக்கு அந்தப் பெயர்கூடப் பொறுக்கவில்லை. 'உயர்கல்விக்கூடம்' என்று போடக்கூடாது, வெறும் 'கற்பிக்கும் நிலையம்' என்று போடு என்று 1883ல் உத்தரவு. முதல் உலகப்போர் முடிந்து குடியரசு வந்த பிறகே பழைய பெயர் திரும்பியது.

1907ல் இந்தக் கல்லூரிக்கு ஆர்ட்டிலரி தெருவில் சொந்தக் கட்டடம் கிடைத்தது. 1923ன் கடைசியில் அங்கே வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா. ஜெர்மனியில் பணவீக்கம் உச்சத்தில் இருந்த ஆண்டு. பணத்தின் மதிப்பு மணிக்கு மணி சரிந்த நகரத்தில், கதகதப்பான அறையும் பெரிய நூலகமும் இருக்கும் அமைதியான இடம், அதுவும் காசில்லாமல் என்று நண்பருக்கு மகிழ்ச்சியாக எழுதினார். மறு ஆண்டு ஜூனில் அவர் இறந்துவிட்டார்.

பேராசிரியர் வேலை வேண்டாம் என்றவர்

இங்கே ஃபிராங்க்ஃபுர்ட் நகரத்துக்கு ஒரு நடை போய் வர வேண்டும். ட்சூன்ஸ் பல்கலைக்கழகத்துக்குள் போக ஆசைப்பட்டார். ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் என்பவரோ அதற்கு நேர் எதிர். வரலாற்றறிஞர் மைனெக்கே அழைத்த பல்கலைக்கழக வேலையை வேண்டாம் என்றார்! 1920ல் ஃபிராங்க்ஃபுர்டில் பெரியவர்களுக்கான ஒரு படிப்பகத்தின் பொறுப்பை ஏற்றார்.

அவர் பார்த்த பிரச்சினை இதுதான். படித்த யூதர்கள் நல்ல ஜெர்மானியர்களாக வாழ்ந்தார்கள், ஆனால் பலருக்கு எபிரேய எழுத்தே தெரியாது. ஆகவே தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது என்ற பழைய முறையை அவர் மாற்றினார். வேதியியல் அறிஞர் எடுவார்ட் ஸ்ட்ராஸ் அங்கே பைபிள் நடத்தினார். மருத்துவர் ஒருவரும் பாடம் எடுத்தார். மார்ட்டின் பூபர், எரிக் ஃப்ரோம், கெர்ஷோம் ஷோலெம் போன்ற பிற்காலப் புகழ்பெற்றவர்களும் வந்தார்கள். 1922லிருந்து ரோசன்ஸ்வைக்கின் உடல் செயலிழந்துகொண்டே வந்தது. 1929ல் இறந்தார். படிப்பகம் அதற்கு முன்பே மெல்ல ஓய்ந்திருந்தது.

1933 நவம்பரில் பூபர் அதை மறுபடி திறந்தார். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்தார்.

கடைசி வகுப்பு

அப்போது ஜெர்மனியில் சுமார் 5 லட்சம் யூதர்கள். மாணவர்களும் பேராசிரியர்களும் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் அந்தப் பெர்லின் கல்லூரி. நாஜிகள் மறுபடியும் அதன் 'உயர்கல்வி'ப் பெயரைப் பிடுங்கினார்கள். ஆனால் வகுப்புகள் கூடின. மத பாடம் மட்டும் இருந்த இடத்தில் பொதுப் பாடங்களும் வந்தன. வெளியே ஒவ்வொரு கதவாக மூட, உள்ளே ஒரு சிறு பல்கலைக்கழகம் உருவானது.

அங்கே படித்த ரெகினா யோனாஸ் 1935ல் உலகின் முதல் பெண் ரபி (யூத மதகுரு) ஆனார். 1942ல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். 1944ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

1938ல் ட்சூன்ஸின் பழைய பிரச்சினை திரும்ப வந்தது. யூத ஆண்கள் பெயரோடு 'இஸ்ரேல்', பெண்கள் 'சாரா' என்று சேர்க்க வேண்டும் என்று சட்டம். பெயருக்கு மதம் இல்லை என்று அவர் நிரூபித்து 102 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த முறை எந்த நூலும் உதவவில்லை. அதே ஆண்டு நவம்பர் வன்முறைக்குப் பின் பிரெஸ்லாவ் கல்லூரி மூடப்பட்டது. ஃபிராங்க்ஃபுர்ட் படிப்பகமும் முடிந்தது.

பெர்லினில் மட்டும் வகுப்பு நடந்தது. ஆசிரியர்கள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போக, கடைசியில் நின்றவர் லியோ பெக். இந்தக் கல்லூரியில் படித்தவர், பல ஆண்டுகளாக ஆசிரியர், ஜெர்மன் யூதர்களின் தேசிய அமைப்புக்குத் தலைவர். 1939ல் யூதக் குழந்தைகளை இங்கிலாந்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வெளிநாட்டு அழைப்புகள் இருந்தும் போகவில்லை. 1942 கோடையில் கல்லூரி மூடப்பட்டபோது விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களே மிச்சம்.

1943 ஜனவரியில் 70 வயதை நெருங்கிய பெக்கும் தெரேசியன்ஸ்டாட் போனார். பகலில் குப்பை வண்டி இழுத்தார். இரவில் இருட்டான கொட்டடிகளில் நெருக்கியடித்து நின்ற நூற்றுக்கணக்கானோருக்கு பிளேட்டோ பற்றியும் கான்ட் பற்றியும் சொற்பொழிவாற்றினார். கட்டடம் இல்லை, புத்தகம் இல்லை, பட்டம் இல்லை. ஆனாலும் வகுப்பு நடந்தது. அவர் உயிர் பிழைத்து லண்டனில் வாழ்ந்து 1956ல் காலமானார்.

கதவு திறந்தபோது

போருக்குப் பிறகு ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் யூதவியலுக்கு இடம் கொடுத்தன. 1960களில் மேற்கு பெர்லினின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் துறை வந்தது. 1979ல் ஹைடல்பெர்க்கில் ஜெர்மன் யூதர்களின் மத்தியக் குழுவே ஒரு கல்லூரியைத் தொடங்கியது. மாணவர்களில் பெரும்பாலானோர் யூதரல்லாதவர்கள். ட்சூன்ஸ் தட்டிய கதவு திறந்துவிட்டது. ஆனால் உள்ளே வருவதற்கு அந்த மக்கள் இல்லை! ஒரு சமூகம் இருந்தபோது மறுக்கப்பட்ட இடம், அந்தச் சமூகம் அழிந்த பிறகு கிடைத்தது.

கதை அதோடு முடியவில்லை. 1990க்குப் பிறகு பழைய சோவியத் நாடுகளிலிருந்து சுமார் 2 லட்சம் பேர் யூதக் குடியேறிகளாகவும் அவர்கள் குடும்பத்தினராகவும் ஜெர்மனிக்கு வந்தார்கள். பலருக்கு எபிரேயமும் தெரியாது, வழிபாடும் தெரியாது. ரோசன்ஸ்வைக் 1920ல் பார்த்த அதே நிலை! கற்பிக்க ஆள் தேவைப்பட்டது. 1999ல் பெர்லின் அருகே போட்ஸ்டாமில் கைகர் பெயரில் ஒரு ரபி கல்லூரி தொடங்கியது. 2006ல் டிரெஸ்டன் நகரில் அதன் முதல் மூன்று ரபிகள் பொறுப்பேற்றார்கள். 2013ல் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் யூத இறையியல் துறை திறந்தது. கைகர் கேட்டு 175 ஆண்டுகள் கழித்து!

ஆர்ட்டிலரி தெருவுக்கு இன்று டுகோல்ஸ்கி தெரு என்று பெயர். பழைய கல்லூரிக் கட்டடம் இன்னும் இருக்கிறது. பெயர் லியோ பெக் இல்லம். 1999லிருந்து ஜெர்மன் யூதர்களின் மத்தியக் குழுவின் அலுவலகம் அங்கேதான்.

பல்கலைக்கழகம் ஒரு பாடத்துக்குக் கௌரவம் கொடுக்கலாம், சம்பளம் கொடுக்கலாம். இந்தக் கதையில் பாடத்தை 1848லிருந்து 1942 வரை தாங்கியது அது அல்ல. வணிகர் விட்டுச்சென்ற சொத்தும், மாலையில் வந்து பாடம் எடுத்த வேதியியல்காரரும், போகாமல் நின்ற ஒரு கிழவரும்தான். இன்றைக்கு ஒரு யூதவியல் மையத்தில் மாலைநேர வகுப்பு என்று பலகையில் எழுதியிருந்தால், அது இலவச இணைப்பு அல்ல. பாடம் பிழைத்ததே அப்படித்தான்.