பனி

குமரி மாவட்டத்தில், குறிப்பாக விளவங்கோடு பக்கம், காய்ச்சலைப் ‘பனி’ என்பார்கள். மலையாளத்திலும் அதுவே பெயர். பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல். எவ்வளவு பொருத்தமான சொல்! கிருமி நுழைந்ததும் வெள்ளணுக்கள் இண்டர்லூக்கின்-1, இண்டர்லூக்கின்-6 முதலிய சைட்டோகைன்களை, அதாவது செய்தி கடத்தும் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையின் ஹைப்போதலாமஸ், உடல் எட்டவேண்டிய வெப்ப அளவை உயர்த்திவிடுகிறது. அதுவரை சரியாக இருந்த 37 டிகிரி செல்சியஸ் இப்போது உடம்புக்குக் குளிராகப்படுகிறது. தசைகள் நடுங்கிச் சூடேற்றுகின்றன. கொதிப்புக்கு முன்னால் வருவது நடுக்கம். நம் முன்னோர் அதைத்தான் பெயராக்கினார்கள். வீட்டில் பாட்டி ‘பிள்ளைக்குப் பனி’ என்றால், காய்ச்சல் என்று திருத்தாதீர்கள்.