செயற்கை மழை பெய்ய வைத்தால் எர்ணாவூரின் தண்ணீர் கஷ்டம் தீருமா?

கோடை வந்தால் எர்ணாவூர், எண்ணூர் பக்கம் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசை கட்டும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "துபாய்ல செயற்கை மழை பெய்ய வைக்கிறாங்களே, இங்க ஏன் செய்யல?"

இங்கேயும் செஞ்சிருக்காங்க. 1970-களில் திருவள்ளூர் வட்டாரத்தில் விமானத்திலிருந்து உப்புத்தூள் தூவி சோதனை நடந்தது. வறட்சி வாட்டிய 1983-லும், 1984 முதல் 87 வரையிலும், மறுபடி 1993-94-லும் தமிழ்நாடு அரசே மேக விதைப்பை நடத்தியது.

எப்படி வேலை செய்கிறது?

மேகத்தில் உள்ள நீர்த்துளிகள் ரொம்பச் சின்னவை. கீழே விழும் அளவுக்குக் கனம் இருக்காது. ஈரத்தை இழுக்கும் உப்புத் துகள்களைத் தூவினால் பெரிய துளிகள் உருவாகி, மற்றவற்றோடு மோதிச் சேர்ந்து மழையாக விழும். உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த மேகம் என்றால் சில்வர் அயோடைடு. அதன்மேல் பனிப்படிகங்கள் வளரும்.

ஆனால் மேகம் முதலில் இருக்கணும். இல்லாத மேகத்தை எந்த விமானமும் கொண்டுவராது. காற்று மாசைக் குறைக்க 2025 அக்டோபர் 28-ல் டெல்லியில் ஐஐடி கான்பூர் நடத்திய முயற்சியில் சொல்லும்படி மழை பெய்யவில்லை. மேகத்தில் ஈரப்பதம் 15 முதல் 20 சதவீதம்தான் இருந்தது.

சரியான மேகம் கிடைத்தால் பலன் உண்டு. மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் 2018, 2019 பருவமழைக் காலங்களில் நடந்த ஆய்வில் சுமார் 18 சதவீதம் கூடுதல் மழை பதிவானது. அதாவது 100 மி.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் 118 மி.மீ.

சென்னையில் என்ன சிக்கல்?

நேரம்தான். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. சென்னைக்குப் பெருமழை தருவதோ அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அப்போது மேகத்துக்குப் பஞ்சமில்லை, எர்ணாவூரின் கவலையே வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணெய்க் கழிவோடு இங்கே வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

விழும் இடமும் முக்கியம். ஏரிகள் இருப்பது மேற்கே. எர்ணாவூரில் கொட்டும் மழையில் பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாய், எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்விடும்.

அப்போ துபாய்?

அங்கேயும் மேகம் திரண்ட பிறகுதான் விமானம் கிளம்பும். துபாய் வீட்டுக் குழாயில் வருவதோ பெரும்பாலும் சுத்திகரித்த கடல்நீர்! அந்த வித்தை நமக்குப் பக்கத்திலேயே இருக்கு. காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். மின்செலவு அதிகம்தான், ஆனால் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து, தினமும் 4.5 கோடி லிட்டர் வரை மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019-ல் வந்தது. தொழிற்சாலைகள் அதை வாங்கும் அளவுக்குக் குடிநீர் மிச்சமாகிறது.