நெல்முளையும் நறும்பிழியும்

விஸ்கியின் பிறப்பிடம் ஸ்காட்லாந்தா அயர்லாந்தா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 1494ஆம் ஆண்டுக்குரிய ஸ்காட்லாந்து அரசுக் கணக்கேட்டில், உயிர்நீர் வடித்தற்பொருட்டு ஜான் கோர் என்னும் துறவிக்கு எட்டு 'போல்' அளவு முளைதானியம் அளிக்கப்பட்ட செய்தி காணப்படுகிறது. அவ்வழக்கில் தமிழர் புகவேண்டியதில்லை. ஆயினும் 'முளைதானியம்' என்னும் சொல்லைக் கேட்ட அளவில் காஞ்சி நாட்டாரின் நெஞ்சம் பெரும்பாணாற்றுப்படையை நாடும்.

கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், வலைஞர் குடியிருப்பில் பாணன் பெறும் விருந்தைக் கூறுமிடத்து, மதுவடிக்கும் முறையையே படிப்படியாக எழுதிவைத்துள்ளார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுவர். புற்றாஞ்சோறு போல் புறம் பூத்த நல்லடையை அதனொடு கலப்பர். இரு பகலும் இரு இரவும் வலிய வாயையுடைய சாடியில் முதிரவிட்டு, வெந்நீரால் அரித்து, விரலால் அலைத்துப் பிழிவர். சுட்ட மீனும் உடன் உண்டு. பாணர்க்கு வேறென்ன வேண்டும்!

இங்குள்ள நுட்பம் நல்லடையில் இருக்கிறது. நச்சினார்க்கினியர் அதனை முளையினது இடி என்பார். தானியத்தின் மாப்பொருள் தானே புளித்து மதுவாகாது. முதலில் அது சர்க்கரையாதல் வேண்டும். முளைவிடும் விதையில் சுரக்கும் நொதியே அம்மாற்றத்தைச் செய்வது. பார்லியை முளைக்கவைக்கும் ஸ்காட்லாந்தார் செய்வதும் இதுவே. 'பூத்த புறம்' என்பதை நோக்கின், கீழை நாடுகளில் அரிசி மதுவுக்கு இடும் பூஞ்சணக் கட்டியும் நினைவுக்கு வருகிறது. உரைகாரர் கூற்றை மறுக்காமலே இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

இதுகொண்டு விஸ்கி காஞ்சியில் பிறந்தது என மேடையில் முழங்குதல் தகாது. பாட்டில் சாடி உண்டு, வாலை இல்லை. வாலையில் ஆவியாக்கிக் குளிர்வித்து வடிப்பதே விஸ்கி. ஸ்காட்லாந்துச் சட்டப்படி அது ஓக் மரப் பீப்பாயில் மூன்றாண்டேனும் உறங்கவும் வேண்டும். வலைஞர் பிழிந்தது பீருக்கு உறவு.

வாலை நம்மிடம் பின்னர்ச் சித்த மருத்துவர் கையிலும் சாராயம் காய்ச்சுவோர் கையிலும் இருந்தது. ஆனால் சாராயத்துக்குக் கள்ளும் வெல்லமும் வேலம்பட்டையுமே போதுமாயின. நெல்முளை அதிற் சேரவில்லை. 1937இல் சேலத்திலும் 1948இல் சென்னை மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தபின் எஞ்சியது திருட்டு அடுப்பே. குடியால் அழிந்த இல்லங்களை எண்ணுவோர் அதற்கு வருந்தார். 1983இல் டாஸ்மாக் தோன்றிற்று. இந்திய விஸ்கிகள் பலவற்றின் சாராயமோ கரும்பாலைக் கழிவுப்பாகில் பிறப்பது. முளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெங்களூர் அம்ருத் ஆலை இந்தியப் பார்லியை முளைக்கவைத்து வடித்த விஸ்கியை 2004இல் கிளாஸ்கோ நகரிலேயே கொண்டுபோய் விற்றது.

முசரவாக்கத்திலும் காஞ்சி வட்டாரத்திலும் இன்று சாடி என்றால் ஊறுகாய். அடை என்றால் தோசைக்கல்லில் வார்ப்பது. பிழாவை அகராதியில்தான் தேடவேண்டும்.