சங்கரன்கோவில் புற்றுமண்

சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு காணச் செல்வோர், கோமதியம்மனைத் தரிசித்துத் திரும்புகையில் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் இட்டுக்கொள்வதும், சரும நோய் தீர நீரில் குழைத்துப் பூசிக்கொள்வதும் நெடுங்கால வழக்கம். சிவபக்தனான சங்கன், திருமாலடியானான பதுமன் என்னும் நாகராஜர் இருவரும் தத்தம் தெய்வமே பெரிதென்று வாதிட்டு அம்பிகையை அணுக, அவள் தவமிருந்து ஆடி உத்திராடத்தில் சிவனையும் திருமாலையும் ஒரே திருமேனியில் சங்கரநாராயணராகக் கண்டாள் என்பதும், புன்னைவனக் காவலன் புற்றை வெட்டியபோது சிவலிங்கம் வெளிப்பட, உக்கிரபாண்டியன் கோயில் எடுப்பித்தான் என்பதும் ஸ்தலபுராணம்.

புற்றில் நாகம் குடிபுகுவதுண்டு, கட்டுவது கறையான்தான். நம் பக்கத்தில் பெரும் புற்றெழுப்பும் கறையான்கள், தாம் தின்னும் மரத்தையும் சருகையும் தாமே முற்றும் சீரணிக்க வல்லவையல்லவாதலின், புற்றினுள்ளே தேனடை போன்ற அடைகளை அமைத்து, அவற்றில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, அது பக்குவப்படுத்திய பண்டத்தை உண்கின்றன. மழைக்குப்பின் கிராமத்தார் தேடிப் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அந்த வேளாண்மையின் மிச்சமே. கறையானின்றி அப்பூஞ்சையும் வாழாது.

வட ஆஸ்திரேலியக் கறையானொன்றின் குடலில் வாழும் மிக்ஸோட்ரிக்கா என்னும் ஓரணு ஜீவன் இதனினும் விந்தையானது. அதன் மேனியில் அலையாடும் மயிரிழைகளை, 1933இல் அதை முதலில் விவரித்தவர் அதன் சொந்த அங்கங்களென்றே கருதினார். 1964இல் கிளீவ்லாண்டும் கிரிம்ஸ்டோனும் ஆராய்ந்தபோது, அவற்றிற் பெரும்பாலானவை ஒட்டிக்கொண்டு வாழும் தனித்தனிப் பாக்டீரியாக்கள் என்பது தெரிந்தது.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் இத்தகைய கூட்டின் சந்ததி என்று சொன்னால் அன்று யார் நம்புவார்? தாவரத்தின் பசுங்கணிகங்கள் வெளியிலிருந்து வந்து குடியேறியவை என்று 1905இலேயே ருஷ்ய விஞ்ஞானி மெரெஷ்கோவ்ஸ்கி எழுதியும் பலர் செவிசாய்க்கவில்லை. பல பத்திரிகைகள் திருப்பியனுப்பிய பின் 1967இல் அச்சேறிய கட்டுரையில் லின் மார்குலிஸ் அக்கொள்கையை விரித்துரைத்து, உயிரணுவுக்குச் சக்தியளிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவே என்றார். பின்னர் நடந்த மரபணு ஆராய்ச்சி அதை மெய்ப்பித்தது. உயிரணுவின் மயிரிழைகளும் அவ்வாறே வந்தவை என்ற அவர் வாதத்தை மாத்திரம் விஞ்ஞான உலகம் ஏற்கவில்லை.

இந்த ரகசியத்தை அறிந்தே நம் முன்னோர் சங்கரநாராயணரை வடித்தனர் என்று சாதிக்க முற்படும் அன்பர்களோடு நான் உடன்படேன். சந்நிதியில் வலப்பாதி சிவனுக்கும் இடப்பாதி திருமாலுக்கும் ஏற்றத்தாழ்வில்லை. உயிரணுவிலோ, 150 கோடி ஆண்டுகளுக்கும் முன் உட்புகுந்த விருந்தாளி தன் மரபணுக்களிற் பெரும்பகுதியை இழந்தும், வீட்டுக்காரனின் உட்கருவிடம் ஒப்படைத்தும் விட்டது. மனித மைட்டோகாண்ட்ரியாவில் எஞ்சியிருப்பவை 37 மரபணுக்களே, அவற்றைக்கொண்டு அது மீண்டும் தனித்து வாழ இயலாது.