ஒளிவாளுக்குள் ஒரு கமெரா விளக்கு

1977இல் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் லூக் ஸ்கைவோக்கர் ஏந்தும் ஒளிவாளின் பிடி, படத்துக்கென வார்த்ததல்ல. அமெரிக்காவின் கிராஃப்ளெக்ஸ் நிறுவனம் பத்திரிகைக் கமெராக்களுக்குச் செய்த ஃபிளாஷ் விளக்கின் கைப்பிடி அது. மூன்று பெரிய டோர்ச் பற்றரிகள் கொள்ளும் உலோகக் குழாய். லண்டனில் பழைய கமெராப் பொருட்களுக்கிடையே அதைக் கண்டெடுத்தவர், படத்தின் அரங்கப் பொருட்களைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியன்.

இத்தகைய பொருளை அடையாளம் காண, புதிய வேலைக்குத் தேவைப்படாத உறுப்புகளைத் தேட வேண்டும். வாளுக்குச் சிவப்புப் பொத்தான் எதற்கு? அது ஃபிளாஷுக்கானது. நடுவிலுள்ள வளையம் கமெராவோடு பொருத்துவதற்கு. அதில் செருகிய குமிழ்ப்பட்டி, 1970களின் கல்குலேட்டரில் சின்னஞ்சிறு சிவப்பு இலக்கங்களைப் பெரிதாகக் காட்டிய வில்லை. பிடியிலுள்ள கறுப்புப் பட்டிகள் படக்குழு ஒட்டியவை.

அமிர்தகழியில் பழைய வானொலிகளைத் திறந்து பார்க்கும்போது நானும் இதே வழியில்தான் தேடுகிறேன். 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடைக்காத யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எங்கள் சனங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அப்படியொரு வானொலியின் மாதிரி இலக்கம், அதைச் செய்த நிறுவனத்தைத்தான் சொல்லும். பற்றரிப் பெட்டியில் பிறகு ஈயம் ஒட்டிப் பொருத்திய வயர்தான் எங்கள் கதையைச் சொல்லும்.

திருத்தக் கொடுக்கும்போது முதலில் கழற்றி எறியப்படுவதும் அந்த வயர்தான். அதற்கு முன் படம் எடுங்கள். பொருத்தியவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊரில் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.