சுவீடன் நாட்டுக் குடித்தொகையும் தாய்மார் நிலையும்

மூத்தோரும் சுற்றத்தாரும் சூழ வாழ்ந்த பண்டைக் கிராமத்திற் பிள்ளை வளர்ப்பு ஒருத்தியின் தனிச்சுமையாக இருந்ததில்லை. கைத்தொழில் வளர்ச்சியினால் மக்கள் நகரங்களிற் குடியேறியபோது அத்துணை அற்றுப்போயிற்று. அதற்கீடாக வேறொன்று தோன்றவுமில்லை. இதன் விளைவைத் தெளிவுறக் காட்டும் நாடு சுவீடனாகும்.

1930 ஆம் ஆண்டுகளின் நடுவில் ஆங்குப் பெண்ணொருத்தி பெறும் மக்கள் சராசரி இரண்டுக்குங் குறைந்தனர். பழமைவாதிகள் பெண்களின் தன்னலத்தைப் பழித்தனர். மணமான பெண்களை உத்தியோகத்தினின்று விலக்கவேண்டுமென்ற கோரிக்கை பாராளுமன்றத்திலும் ஒலித்தது. இந்நிலையில், குன்னார் மிர்டால், அல்வா மிர்டால் என்னும் தம்பதிகள் 1934 இல் வெளியிட்ட நூலொன்று வினாவையே தலைகீழாக்கிற்று. மணந்த பெண் தொழில் செய்யலாமா என்பதன்று வினா. தொழில் செய்யும் பெண் மணந்து மக்களைப் பெற இயலுமா என்பதே வினா என்றனர் அவர். இக்கருத்தே பின்வந்த சட்டங்களுக்கு வித்தாயிற்று. 1935 இல் குடித்தொகை ஆணைக்குழு அமைந்தது. 1937 இல் பெரும்பாலான தாய்மார்க்கு மகப்பேற்று உதவிப்பணங் கிடைத்தது. மணத்தையோ கருப்பத்தையோ காரணங்காட்டிப் பெண்களை வேலைநீக்கஞ் செய்தலை 1939 ஆம் ஆண்டுச் சட்டந் தடுத்தது.

அல்வாவின் எண்ணம் கல்லிலும் உருப்பெற்றது. கட்டடக்கலைஞர் சுவென் மார்க்கேலியஸ் வரைந்த கூட்டு இல்லம் 1935 இல் ஸ்ரொக்கோமில் எழுந்தது. பொதுச் சமையற்கூடத்திலிருந்து சிறு தூக்கிகள் உணவை ஒவ்வொரு வீட்டிற்கும் ஏற்றின. கீழ்த்தளத்திற் குழந்தைகளைப் பேணும் இடமிருந்தது. கூட்டுக்குடும்பத்தின் பணியைக் கூலியாட்கள் ஆற்றினர் எனலாம். ஆயினும் ஆங்குக் குடியிருந்தோர் பெரும்பாலும் கற்றோரே. அதனை உண்மையில் வேண்டி நின்ற தொழிலாளப் பெண்களுக்கு அது எட்டாக்கனி.

இவ்வரலாற்றிற் கறையுமுண்டு. 1934 ஆம் ஆண்டுக் கருவளநீக்கச் சட்டத்தை மிர்டால் தம்பதிகளும் ஆதரித்தனர். 1975 வரையில் ஏறத்தாழ 63,000 பேர் கருவளம் நீக்கப்பட்டனர், அவருட் பெரும்பாலார் பெண்கள், பலர் வற்புறுத்தலுக்குட்பட்டோர். தாய்மையைப் போற்றிய அரசே, தகுதியற்றோரெனத் தான் கருதியோரிடமிருந்து அதனைப் பறித்தது.

1974 இல் தாய் தந்தை இருவர்க்கும் பொதுவான பெற்றோர் காப்புறுதி வந்தது. 1990 இற் பெண்ணொருத்திக்கு இரண்டுக்குச் சற்று மேலாக உயர்ந்த பிறப்பு, வேலையின்மை பெருகியபின் 1999 இல் 1.5 ஆயிற்று. 2023 இல் அதனினுந் தாழ்ந்தது. உதவி மட்டும் போதாதென்பது இதனாற் பெறப்படும். காப்புறுதி தொடங்கிய ஆண்டில் தந்தையர் எடுத்த விடுமுறை நாட்கள் மொத்தத்தில் நூற்றுக்கொன்றும் இல்லை. எனவே 1995 இல் ஒவ்வொரு பெற்றோர்க்கும் ஒரு மாதம், மற்றவர்க்கு மாற்றவியலாதவாறு ஒதுக்கப்பட்டது. அதன்பின்னரே தந்தையரிற் பலர் தொட்டிலருகே வந்தனர்.